வறுமையும் தடையற்ற வாணிகமும்

நமது சங்கங்களின் அங்கத்தினர்கள் நடுவே ஒரு விவாதம் வலுத்து வருகிறது. ஆய்வின்பொருட்டு நாம் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களை மூடிவைத்த பின்னர், யாரேனும் ஒருவர் அதனை எழுப்பாதிருப்பதில்லை. “வாங்குவோரும் விற்போரும் தத்தம் விருப்பப்படி நடந்துகொள்ளட்டும், அரசாங்கமும் சங்கமும் குறுக்கே நில்லாவிடின் நாடு தானே செழிக்கும், ஏழ்மையும் தானே ஒழியும்” என்பது ஒரு சாராரின் கட்சி. “தனி முதலாளி லாபம் தேடும் சந்தையில் ஏழைக்கு என்றைக்கும் கிடைப்பது உமிதான், அரிசி அன்று” என்பது மறு சாராரின் கட்சி. முதற் கட்சியார் பெரும்பாலும் பிள்ளைகளைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்கு அனுப்பி, அவர்கள் ஈட்டிய பணத்தில் ஓட்டு வீட்டை மாற்றித் தளம் போட்டவர்கள். மறு கட்சியார் பெரும்பாலும் தறிக்குழியை விட்டு ஏறாதவர்கள். இரு சாராரும் தாம் கண்டதையே கூறுகின்றனர். ஆதலின் எவரையும் பொய்யர் என்று ஒதுக்க இயலாது. காண்பது வேறுபடுவானேன் என்பதே ஆராயத்தக்கது.

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்வோம். எதை எவ்வளவு விளைவிப்பது, எதை என்ன விலைக்கு விற்பது என்பவற்றை மேலிருந்து எவரும் கட்டளையிடாமல், வாங்குவோர் விற்போரின் பேரமே தீர்மானிக்கும்படி விடுவதைத் தடையற்ற வாணிகம் என்கிறோம். முதலும் லாபமும் தனியாருக்கு உரியன, நட்டமும் அவ்வாறே. இக்கொள்கையின் மூலபுருஷராகக் கருதப்படுபவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித். அவர் 1776-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலைப் படியாமலே அதற்கு வக்காலத்து வாங்குவோர் பலர். அரசாங்கம் ஒன்றுமே செய்யலாகாது என்று அவர் கூறியதாக இவர்கள் எண்ணுகின்றனர். அவரோ நாட்டுக் காவல், நீதி பரிபாலனம், சாலை, பாலம் முதலிய பொதுப்பணிகள் ஆகியவற்றை அரசாங்கத்தின் கடமைகளென வகுத்தார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கப் பொதுப் பணம் உதவ வேண்டும் என்றார். ஒரே தொழிலைச் செய்யும் வியாபாரிகள் ஒன்றுகூடினால், பேச்சு பெரும்பாலும் விலையை உயர்த்தும் சூழ்ச்சியிலேயே முடியும் என எச்சரித்தார். கூலி உயராதபடி பார்த்துக்கொள்வதில் முதலாளிகளுக்குள் எக்காலத்தும் ஒரு பேசா உடன்பாடு உண்டு என்றும் எழுதினார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நேரிற் கண்ட நம் விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வழக்கத்திற்கு மாற்றாக, கண்காணிப்புக்குட்பட்ட சந்தையும் சரியான எடையும் வேண்டுமென்றே 1933-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. நேர்மையான சந்தை தானே முளைக்கும் காளான் அன்று. வேலி கட்டிப் பயிரிட வேண்டிய ஒன்று என்பதை அச்சட்டம் அன்றே உணர்ந்திருந்தது.

வாதத்தை இங்கு நிறுத்தி, சந்தை வறுமையைக் குறைத்த ஒரு நாட்டைப் பார்ப்போம். நமது காலத்தில் இதற்குச் சீன தேசத்தைக் காட்டிலும் பெரிய உதாரணம் இல்லை.

சீனாவில் 1958-ஆம் ஆண்டு முதல் கிராமங்கள் யாவும் ‘மக்கள் கம்யூன்’ என்னும் பேரமைப்புகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. நிலம், கலப்பை, மாடு அனைத்தும் பொது. உழவர் காலையில் மணியோசை கேட்டுக் கூட்டமாக வயலுக்குச் சென்றனர். அன்றைய உழைப்புக்கு வேலைப்புள்ளி இடப்பட்டது. ஆண்டு முடிவில் புள்ளிக்கேற்பத் தானியம் அளக்கப்பட்டது. வயது, பால் இவற்றை ஒட்டிப் புள்ளி பெரும்பாலும் முன்கூட்டியே நிர்ணயமாகிவிடும். முதுகு வளைத்துக் களை பறித்தவனுக்கும் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து நின்றவனுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. 1959 முதல் 1961 வரை அந்நாட்டைப் பீடித்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். இயற்கையின் கோபத்தைவிட மனிதர் வகுத்த கொள்கையும், விளையாத நெல்லை விளைந்ததாக மேலிடத்திற்கு எழுதிய பொய்க் கணக்குமே அதற்குப் பெருங் காரணங்கள்.

அன்ஹுய் மாகாணத்தில் ஃபெங்யாங் என்றொரு வட்டம். பிச்சையெடுக்கப் புறப்படுவோருக்குப் பேர்போன சீமை அது. அவ்வட்டத்தைச் சேர்ந்த ஷியாவ்காங் என்னும் சிற்றூரில், 1978-ஆம் ஆண்டின் இறுதியில், கடும் வறட்சி நிலவிய வேளையில், 18 உழவர்கள் ஓரிரவு ஒரு வீட்டில் இரகசியமாகக் கூடினர். பொது நிலத்தைக் குடும்பவாரியாகப் பங்கிட்டுக்கொள்வது. அரசாங்கத்திற்கும் கம்யூனுக்கும் செலுத்த வேண்டியதைத் தவறாது செலுத்துவது. எஞ்சியதை அவரவர் வைத்துக்கொள்வது என ஒரு தாளில் எழுதிக் கைந்நாட்டும் முத்திரையும் வைத்தனர். அந்நாளில் அது கடுங்குற்றம். ஆகவே, இதனால் எவரேனும் சிறைப்பட நேரிடின், அவருடைய பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பும் வரை மற்றையோர் வளர்த்தல் வேண்டும் என்ற வாசகமும் அத்தாளில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு அவ்வூரின் விளைச்சல், முந்திய ஐந்தாண்டுகளின் விளைச்சலைக் கூட்டினால் வரும் அளவுக்கு ஒப்பாயிற்று என்று கூறுவர். நிலம் மாறவில்லை, மழை பொன்னாகப் பொழியவில்லை, விதையும் பழைய விதையே. தான் வியர்வை சிந்தி விளைத்த கடைசி மூட்டை தன் வீட்டுக்கே வரும் என்னும் உறுதி ஒன்றே புதியது.

மாகாணத்தின் தலைவராயிருந்த வான் லி இதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். பின்னர் வெளிப்படையாக ஆதரித்தார். பீகிங்கில் டெங் சியாவோபிங் அதற்கு இடந்தந்தார். 1982-ஆம் ஆண்டின் முதல் அரசாணை குடும்பவாரிச் சாகுபடியை முறைப்படி ஏற்றது. 1983 முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லா உழவர் குடும்பங்களும் அம்முறைக்கு மாறிவிட்டன. 1978-இல் 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல், 1984-இல் 40 கோடி டன்னைத் தாண்டியது. கையில் நாலு காசு மிஞ்சிய உழவர் செங்கல், துணி, சாமான்கள் வாங்கத் தொடங்கினர். அவற்றைச் செய்யக் கிராமந்தோறும் தொழிற்கூடங்கள் எழுந்தன. அத்தொழிற்கூடங்களில் 1978-இல் வேலை செய்தோர் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர். 1996-இல் 13 கோடியே 50 லட்சம் பேர். நாளொன்றுக்கு 1.90 டாலர் என்று உலக வங்கி வகுத்திருந்த வறுமைக் கோட்டை அளவாகக் கொண்டால், 1981-இல் சீன மக்களில் நூற்றுக்கு 88 பேர் அதற்குக் கீழே இருந்தனர். 2015-இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாற்பதாண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் அக்கோட்டைக் கடந்தனர். மனித சரித்திரத்தில் இத்தனை பேர் இவ்வளவு விரைவாக வறுமையைக் கடந்ததற்கு வேறு சான்றில்லை.

சந்தையின் ஆற்றலுக்கு இதனைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமோ? கூட்டுறவாளராகிய நாம் இதனைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளல் வேண்டும். “கம்யூனும் ஒரு வகைக் கூட்டுறவுதானே, அது தோற்றதன்றோ?” என்று நம்மைக் குத்திக் கேட்போர் உண்டு. அது கூட்டுறவன்று. சேர்வதும் விலகுவதும் அங்கத்தினன் விருப்பம். தலைவரைத் தேர்வதும் நீக்குவதும் அங்கத்தினன் உரிமை. கொடுத்த அளவுக்கேற்ப வருவாய். எவர் கேட்பினும் கணக்கைக் காட்டல். இந்நான்கில் ஒன்றேனும் கம்யூனில் இருந்ததில்லை. ஆயினும், நூறு மைல் தள்ளி நிற்கும் பாம்பென அதனை எண்ணி நாம் நிம்மதியாயிருக்க வேண்டாம். அச்சாயல் நம் சங்கங்களிலும் தலைகாட்டுவதைப் பின்னர் கூறுவோம்.

இனி, நற்சாட்சிப் பத்திரத்தின் மறுபக்கத்தையும் வாசிக்க வேண்டும். ஷியாவ்காங் உழவர் சந்தைக்குள் புகுந்தபோது அவர்கள் கையில் என்ன இருந்தது? நிலம் இருந்தது. அதுவும் தலைக்கட்டுக் கணக்கில் ஏறக்குறையச் சமமாகப் பிரிக்கப்பட்ட நிலம். பழைய ஜமீன்கள் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஒழிக்கப்பட்டிருந்தமையால், குத்தகை வாங்கவும் கடன் பத்திரம் நீட்டவும் அங்கு எவருமில்லை. அந்நிலத்தை விற்கவும் இயலாது. சாகுபடி உரிமை மட்டுமே குடும்பத்தினுடையது, உடைமை இன்றளவும் கிராமப் பொதுவினுடையது. ஆதலால் ஒரு பொய்த்த மழைக்கோ ஒரு கலியாணச் செலவுக்கோ நிலம் கைமாறிப் போகவில்லை. பள்ளிக்கூடம் இருந்தது, கிராம வைத்தியர் இருந்தார். 1950-ஐ ஒட்டி நாற்பது வயதளவில் இருந்த சராசரி ஆயுள், சந்தை திறக்கப்படுமுன்னரே அறுபதைத் தாண்டியிருந்தது. வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருந்தன. 1970-களில் வெளிநாடுகளிலிருந்து வரவழைத்த 13 பெரிய உரத் தொழிற்சாலைகள் யூரியாவை ஊற்றத் தொடங்கியிருந்தன. யாவற்றுக்கும் மேலாக, 1979-இல் அரசாங்கம் தானியக் கொள்முதல் விலையை நூற்றுக்கு இருபது வீதம் உயர்த்தியது. நிர்ணய அளவுக்கு மேல் தருவோருக்கு அதன்மேல் ஐம்பது வீதம் கூட்டியும் கொடுத்தது. இது சந்தை தந்த விலையன்று.

ஜஸ்டின் லின் என்னும் பொருளாதார அறிஞர் 1992-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1978 முதல் 1984 வரை ஏற்பட்ட பயிர் விளைச்சற் பெருக்கத்தில் ஏறத்தாழப் பாதி, கம்யூனை விடுத்துக் குடும்பச் சாகுபடிக்கு மாறியதன் பயன் என்று கணக்கிட்டார். பாதி என்பது சிறியதன்று. ஆயினும் அது பாதியே. தொழிற்கூடங்களின் சங்கதியையும் கவனித்தல் நலம். தொடக்க ஆண்டுகளில் அவற்றுட் பல தனி முதலாளிக்குச் சொந்தமானவை அல்ல. ஊராட்சிக்கும் கிராமத்திற்கும் சொந்தமானவை. விற்றது திறந்த சந்தையில், உடைமை ஊருக்கு. சந்தையும் தனி முதலாளியும் பிரிக்கவொண்ணாத இரட்டைப் பிள்ளைகள் என்று கருதுவோர் இதனை ஊன்றி நோக்குவாராக.

சந்தை தராத ஒன்றைச் சந்தையை நம்பிக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அந்நாடே சாட்சி. கம்யூன்களின் காலத்தில் கிராமங்களிற் பத்தில் ஒன்பது பங்கில் ‘கூட்டுறவு மருத்துவத் திட்டம்’ நடந்து வந்தது; உழவர் சிறு தொகை செலுத்துவர், ஊர்ப் பொதுநிதி மீதியைத் தாங்கும். கம்யூன் கலைந்ததும் பொதுநிதி வற்றியது. 1980-களின் நடுவில் நூற்றுக்கு ஐந்து கிராமங்களிலேயே அத்திட்டம் எஞ்சியிருந்தது. வயிறு நிறைந்த உழவன், நோயுற்றால் கடன்பட்டான். ஒரு நீண்ட நோய் ஒரு குடும்பத்தை மீண்டும் வறுமைக்குத் தள்ளப் போதுமானதாயிற்று. ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்நிலையைப் பொறுத்த பின்னர், 2003-ஆம் ஆண்டில் அரசாங்கம் பெரும்பொருள் இட்டு ‘புதிய கிராமக் கூட்டுறவு மருத்துவத் திட்டம்’ என்று அதே பெயரில் அதனை மீட்டெடுத்தது. நெல்லுக்கு நல்ல விலையைக் கண்டறிந்து கொடுத்த சந்தை, குழந்தையின் காய்ச்சலுக்கு ஏன் வழி காட்டவில்லை? நெல்லை வாங்குவோன் பணத்தோடு வருகிறான். நோயாளி பெரும்பாலும் பணமின்றி வருகிறான். பணமில்லாதவனின் தேவை சந்தையின் செவியில் விழுவதேயில்லை.

நம் நாட்டிலும் 1991-ஆம் ஆண்டிற்குப் பின் லைசென்ஸ் கட்டுகள் தளர்ந்தன. டெண்டுல்கர் குழு வகுத்த கோட்டின்படி, 1993–94-இல் நூற்றுக்கு 45 பேருக்குச் சிறிது மேலாக இருந்த வறியோர், 2011–12-இல் நூற்றுக்கு 22 பேராகக் குறைந்தனர். இதில் மகிழாதார் இரார். ஆனால் நாம் கைத்தறி நெசவாளரின் பத்திரிகையில் எழுதுகிறோம். 2019–20-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களுள் மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைந்த வருமானம் உடையன என்று தெரிய வந்தது. நாடு ஏறும் அதே ஏணியில் இவர்கள் ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு, ‘பொறுத்திருங்கள்’ என்பது விடையாகாது. அவ்விடையை முன்னொரு காலத்தில் வேறொரு நாட்டு நெசவாளர்கள் கேட்டார்கள். அவர்கள் கதை நம் கதைக்கு மிக நெருங்கியது.

இங்கிலாந்தில் நூற்பு இயந்திரம் வந்த புதிதில் நூல் மலிந்து, நெய்வோர்க்குப் பெருங் கிராக்கி ஏற்பட்டது. லங்காஷயரைச் சேர்ந்த போல்ட்டன் நகரில் ஒரு கைத்தறி நெசவாளன் 1795-இல் வாரம் 33 ஷில்லிங் சம்பாதித்தான். அந்தக் கூலி 1815-இல் 14 ஷில்லிங் ஆயிற்று. 1830-ஐ ஒட்டி 5 ஷில்லிங் 6 பென்ஸ் ஆயிற்று. இடையில் உணவுப் பொருளின் விலை ஓரளவு இறங்கியதைக் கழித்துப் பார்ப்பினும் இது மலையிலிருந்து மடுவில் விழுந்த வீழ்ச்சியே. விசைத்தறியே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். 1813-இல் பிரிட்டன் முழுவதிலும் இருந்த விசைத்தறிகள் ஏறத்தாழ 2,400 மட்டுமே. 1833-இல்தான் அவை ஒரு லட்சத்தை எட்டின. விசைத்தறி பெருகுமுன்னரே கூலி பாதிக்கு மேல் வீழ்ந்துவிட்டது!

எவ்வாறு எனின், சாதாரணப் பருத்தித் துணியை நெய்வது சில வாரங்களிற் கற்கத்தக்க வேலை. நிலமிழந்தோர், அயர்லாந்திலிருந்து வந்தோர், போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அனைவரும் தறியில் அமர்ந்தனர். இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட நெசவாளர், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில், ஒவ்வொருவரும் தனியே. நூல் கொடுக்கும் வியாபாரி ஒரு வீட்டில் கூலியைக் காலணா குறைத்துப் பேசி, அதனையே அடுத்த வீட்டில் வழக்கமாக்கினான். மறுத்தவன் வீட்டிற்கு அடுத்த வாரம் நூல் போகாது. கூலி குறையவே, குடும்பத்தைத் தாங்க அவன் இன்னும் கூடுதலாக நெய்தான். துணி இன்னும் மலிந்து கூலி இன்னும் இறங்கியது. இத்தகைய நிலையில் நெசவாளர் ஒன்றுகூடிக் கூலி கேட்கலாமல்லவா? 1799, 1800-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதனைக் குற்றமாக்கியிருந்தன. 1824 வரை அச்சட்டங்கள் நீடித்தன. முதலாளிகள் கூடுவதற்கும் அதே சட்டத்தில் தடை இருந்ததென்பர். அதற்காக முதலாளிகளைச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் இருக்கவில்லை. ஸ்மித் எச்சரித்த பேசா உடன்பாடு பேசாமலே இருந்தது. நமது முன்னோரின் துணி இங்கிலாந்துத் துறைமுகத்தில் கடுஞ் சுங்கம் செலுத்திய அதே காலத்தில், அவர்கள் துணி நம் துறைமுகத்திற் பெயரளவுச் சுங்கத்தோடு இறங்கியதும் ‘தடையற்ற வாணிகம்’ என்றே பேசப்பட்டது. தடை யாருக்கு இல்லை என்று கேட்டறிதல் எப்போதும் பயனுடைத்து.

நெசவாளர் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பித்தனர். 1834, 1835-ஆம் ஆண்டுகளில் ஒரு விசாரணைக் குழு அவர்கள் துயரை விரிவாகக் கேட்டது; கூலிக்கு ஒரு கீழ்வரம்பு கட்டும் யோசனை எழுந்தது; சபை அதனை ஏற்கவில்லை. அதன்பின் அமைந்த அரச கமிஷன் 1841-இல் தந்த அறிக்கை, நஸ்ஸாவ் சீனியர் என்ற புகழ்வாய்ந்த பொருளாதாரப் பேராசிரியரின் கைவண்ணம். தொழிலை விட்டுப் போங்கள், பிள்ளைகளை அதில் இழுக்காதீர்கள் என்பதே நெசவாளர்க்கு அது கூறிய புத்தியின் சாரம். தருக்கத்தில் அவர் பிழைபட்டார் என்று கூற முடியாது. 1850-இல் கைத்தறி நெசவாளர் 50,000-க்கும் குறைந்தனர். அதன்பின் பத்தாண்டுகளில் அத்தொழில் அநேகமாக மறைந்தது. மலிந்த துணியால் இங்கிலாந்தின் கூலித்தொழிலாளி வீட்டுக் குழந்தைக்கு மாற்றுச் சட்டை கிடைத்தது; நூற்றாண்டின் பிற்பாதியில் பொதுவாகக் கூலியும் உயர்ந்தது. சமுதாயத்திற்கு நன்மை விளைந்தது உண்மை. அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர் ஒரு தலைமுறை நெசவாளர். நன்மையைத் துய்த்தவர் வேறு பேர். துய்த்தவரிடமிருந்து சிறிது பெற்று, விலை கொடுத்தவர்க்கு ஈடு செய்யும் ஏற்பாடு எதுவும் சந்தையில் தானாக நடப்பதில்லை. நடக்கும் என்று நம்புவோர் 1795-க்கும் 1850-க்கும் இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டு லங்காஷயர் சரித்திரத்தைப் படித்தல் தகும்.

அதே லங்காஷயரிலுள்ள ராச்டேல் நகரில், கம்பளித் துணி நெய்வோர் பலர் அடங்கிய ஒரு சிறு கூட்டம் வேறொரு விடை கண்டது. கூலி உயர்வு கேட்டு நடத்திய வேலைநிறுத்தம் தோற்றுப்போன ஆண்டு அது. வாரம் இரண்டு மூன்று பென்ஸாகச் சேர்த்து, 28 பவுன் முதல் திரட்டி, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் தேரை வீதி என்று பொருள்படும் ஒரு தெருவில் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, இவ்வளவே சரக்கு. அவர்கள் சந்தையை ஒழிக்கப் புறப்படவில்லை என்பதை நம் அங்கத்தினர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். சந்தை விலைக்கே விற்றனர், ரொக்கத்திற்கே விற்றனர், கலப்படமில்லாச் சரக்கையும் சரியான நிறையையும் கொடுத்தனர். மிஞ்சிய லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அதற்கேற்பத் திருப்பிக் கொடுத்தனர். ஷியாவ்காங் உழவனை எழுப்பிய அதே விசை இதனுள்ளும் இருக்கிறது: தன் பங்குக்கேற்பத் தனக்கு மிச்சம். வேறுபாடு ஒன்றுதான். ஷியாவ்காங் உழவன் நிலத்தோடு சந்தைக்குச் சென்றான். ராச்டேல் நெசவாளரிடம் நிலம் இல்லை, ஆகவே ஒருவரோடொருவர் சேர்ந்து சென்றனர்.

குஜராத்தின் கேடா ஜில்லாப் பால் உற்பத்தியாளர்கள் செய்ததும் இதுவே. அம்மாவட்டத்துப் பாலைத் திரட்டிப் பம்பாய்க்கு அனுப்பும் தனியுரிமை ஒரே கம்பெனியிடம் இருந்தது. வாங்குவோன் ஒருவனாகவும் விற்போர் ஆயிரமாகவும் இருந்தால் அது சந்தையன்று, தண்டல். 1946-இல் அவர்கள் பதினைந்து நாள் பாலை விற்க மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்தனர். இன்று அமுல் என்று உலகறிந்த அவ்வமைப்பு, அரசாங்கம் ஒதுக்கித் தந்த மூலையில் வளரவில்லை. பெரிய கம்பெனிகளின் வெண்ணெயோடு கடை அலமாரியில் தோளுரசி வளர்ந்தது. பாலின் கொழுப்புச் சத்தை அளந்தே பணம் கொடுத்தது. தண்ணீர் கலந்தவனுக்கு அதற்குரிய விலை. கெட்டிப்பால் தந்தவளுக்கு அதற்குரிய விலை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாம் ஆய்வு செய்யும் சங்கங்களுட் சிலவற்றில், நெருக்கமாக நெய்த புடவைக்கும், இழை தளர்ந்து கரை கோணிய புடவைக்கும் ஒரே கூலி வழங்கப்படுகிறது. “பாவம், பழைய அங்கத்தினர்” என்று காரணம் கூறுவர். கம்யூனின் வேலைப்புள்ளி வேறு எப்படி இருந்தது? நன்றாக நெய்பவன் ஓரிரு ஆண்டு பொறுக்கிறான். பின்னர் ஜவுளி முதலாளியிடம் சென்றுவிடுகிறான், ஏனெனில் அவர் கைத்திறனுக்குக் கண்ணெதிரே கூடுதல் காசு தருகிறார். தீபாவளித் தள்ளுபடிக்கு விற்றால் போதும் என்று அலமாரியில் ஆண்டு முழுதும் துணி மடிந்து கிடக்கும் சங்கங்களும் உள. எந்தக் கரை, எந்த வண்ணம் விலை போகிறதென்று கடைத்தெருவைக் கேட்பது சங்கத்திற்கு இழுக்கு என்று எவர் சொன்னார்? சந்தை என்பது முதலாளியின் வீட்டுச் சொத்து அன்று. விலை என்பது, ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று வாங்குவோர் எழுதியனுப்பும் கடிதம். அதனைப் பிரிக்காமலே பரணில் போட்டுவைப்பது சிக்கனமும் ஆகாது, கொள்கையும் ஆகாது.

அங்கத்தினர் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. மஞ்சளோ நிலக்கடலையோ விலை ஏறியிருக்கும்போது வியாபாரியின் வண்டி வாசலுக்கு வந்தால் அங்கேயே எடை போட்டுவிடுவதும், விலை சரிந்த மாதத்தில் மட்டும் சங்கத்தின் கிடங்கில் மூட்டையை இறக்கி முன்பணம் கேட்பதும் பல ஊர்களில் வழக்கம். நல்ல காலத்தில் சரக்கு வராத சங்கத்திற்குக் கெட்ட காலத்தில் விலை பேசும் வலிமை எங்கிருந்து வரும்? தனித்தனியே நூல் வாங்கிய போல்ட்டன் நெசவாளரின் நிலை, பத்திரத்தில் பங்குத்தொகையும் நடப்பில் தனிவழியும் கொண்டவர்க்கு மறுபடி வாய்க்கும். மகாசபைக் கூட்டத்தில் இதனைப் பேசுவோர் குறைவு; நிர்வாகிகளைக் குறை கூறுவது எளிதாகையால் அதுவே நேரம் முழுவதையும் கொள்கிறது.

ஆதலின், தடையற்ற வாணிகம் வறுமையைக் குறைக்குமா என்று நம்மைக் கேட்கும் அங்கத்தினர்க்கு நாம் தரும் விடை இது. குறைக்கும், வேறெந்த ஏற்பாட்டினும் விரைந்து குறைத்ததும் உண்டு. ஆனால் அதனுள் கையில் ஏதேனும் கொண்டு நுழைந்தவனுக்கே குறைக்கும். அது நிலமாயிருக்கலாம், படிப்பாயிருக்கலாம், திடமான உடலாயிருக்கலாம், சேர்ந்து நிற்கும் பலமாயிருக்கலாம். இவற்றுள் எதனையும் சந்தை தானே செய்து கொடாது. நிலமும் படிப்பும் மருத்துவமும் அரசாங்கம் பார்த்துத் தர வேண்டியவை. சேர்ந்து நிற்கும் பலம் மட்டும் அரசாங்கம் தந்து வருவதில்லை. கட்டளையிட்டுச் சேர்த்துவைத்தால் அது கம்யூனாகிவிடுகிறது.

சீனத்து உழவரும் இதனைப் பின்னர் உணர்ந்தனர். குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் வீதம் பிரிந்து நின்ற கோடிக்கணக்கான உழவர்கள், காய்கறிக்கும் பன்றிக்கும் பழத்திற்கும் விலை பேச மொத்த வியாபாரியின் எதிரில் தனித்தனியே நின்றபோது, கம்யூனிலிருந்து பெற்ற விடுதலை வேறு வகையிற் கரைவதைக் கண்டனர். ஆங்காங்குத் தாமாகவே சங்கங்கள் அமைத்தனர். 2006-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாடு உழவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கென ஒரு சட்டம் இயற்றி, 2007 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. சேர்வதும் விலகுவதும் உழவர் விருப்பம். பங்கிடத்தக்க லாபத்தில் நூற்றுக்கு அறுபதுக்குக் குறையாத பகுதியை, அவரவர் சங்கத்தோடு நடத்திய வியாபாரத்தின் அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ராச்டேல் கடையின் பேரேட்டில் 1844-இல் எழுதப்பட்ட விதிக்கு அது நெருங்கிய உறவு. அதன்பின் அங்குப் பதிவான சங்கங்கள் பல லட்சம். மானியத்திற்காகப் பெயர்ப்பலகை மட்டும் தொங்கவிட்ட சங்கங்களும் அவற்றுட் பல என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளரே எழுதுகின்றனர். அவ்வகைச் சங்கங்களை அடையாளங்காண நம் அங்கத்தினர் சீனா வரை போக வேண்டுவதில்லை.